வாகைப்பேரியின் வளராத நடுவர்கள்

எங்கள் வாகைப்பேரியில் ஐந்து பிள்ளைகள் மூன்று வருடம் பதினைந்து வயதிலேயே இருந்தார்கள் என்று வெளியூரில் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்பார்கள், அதோடு நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம், ஏனென்றால் அது டாக்டரிடம் காட்டுகிற விஷயமே இல்லை. தீர்ப்பு வராமல் இழுத்துக்கொண்டிருந்தது, பிள்ளைகளும் அதோடு சேர்ந்து நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

தீர்ப்பு என்றால் கோர்ட்டுத் தீர்ப்பு அல்ல, நாவல் பரிசுத் தீர்ப்பு. மலையிலிருந்து சாரல் விழுகிற தூரம் வரைக்கும் எங்கள் வட்டாரம், அந்த வட்டாரத்தில் யார் இளம்பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுதினாலும் அதைக் கோடை விடுமுறைக்கு முன்னால் எங்கள் ஊர் நூலகத்துக்கு அனுப்பலாம், எழுதுகிறவருக்கு எழுபது வயதானாலும் ஆட்சேபம் கிடையாது, ஆனால் தீர்ப்புச் சொல்ல மட்டும் பெரியவர்கள் நூலகத்து மாடிப்படி ஏறக் கூடாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளில் சீட்டுக் குலுக்கி ஐந்து பேரை எடுப்போம், அவர்கள்தான் நடுவர்கள், ஐந்து கையும் ஒரே புத்தகத்துக்குத் தூக்கினால்தான் பரிசு. இன்னொரு வழக்கமும் உண்டு, தீர்ப்பு வரும்வரை ஊரில் ஒருவரும் நடுவர் பிள்ளைகளிடம் புத்தகத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ரைஸ்மில்காரர் ஒருவர் தன் மச்சினன் எழுதிய நாவலுக்காக ஒரு நடுவர் பையனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துப் பிடிபட்டார், அந்த வருடம் பரிசே இல்லாமல் போனது, அந்த மனிதருக்குச் சொந்தப் பெயர் என்னவென்று இன்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, சைக்கிள் என்றால்தான் தெரியும். அதனால் இந்த வழக்கத்தை நாங்கள் சாமி விஷயம் மாதிரிக் காப்பாற்றி வந்தோம்.

அந்த வருடம் சீட்டில் வந்தவர்கள் இசக்கிராஜா, ரபியத், மளிகைக்கடை வீட்டு முகுந்தன், போஸ்ட்மேன் மகள் உமையாள், பிறகு கெசியா. இந்தக் கதை கெசியாவுடையது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற அற்புதம் டெய்லரின் இரட்டைப் பெண்களில் ஒருத்தி அவள், மற்றவள் ஜெமிமா. இரண்டு பேரையும் அடையாளம் பிரிக்க அம்மா அற்புதமே பேசவிட்டுத்தான் பார்ப்பாள்; வெடுக்கென்று பேசினால் கெசியா, யோசித்துப் பேசினால் ஜெமிமா. அப்பா மஸ்கட்டுக்குப் போனவர், போன் செய்வது குறைந்து, குறைந்து, ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. அதிலிருந்து அந்தப் பெண்கள் இருவரும் ஒருத்தி நிழலில் ஒருத்தி நின்றே வளர்ந்தார்கள், ஒரே ஜடை, ஒரே சைஸ், ஒரே காய்ச்சல். இனி நடக்கப்போவதில் ஜெமிமா வளர்வாள், கெசியா வளரமாட்டாள், அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்கதை.

மாடியில் இரண்டு புத்தகங்கள் கடைசி வரை வந்தன. ஒன்று தடிப் புத்தகம், பெயர் செங்காற்றின் மகன்; அப்பாவின் படகைப் பறிகொடுத்த ஒரு பையன் கடலோடிப் போய்ப் புயலையும் திருடர்களையும் ஜெயித்துப் படகோடு வருகிறான், காணாமல் போன அப்பா வருகிறார், கோபித்துக்கொண்டு போன அண்ணன் வருகிறான், தொலைந்த நாய்கூட வருகிறது. இன்னொன்று ஒல்லிப் புத்தகம், பெயர் மூணேகால் பஸ்; ஊரைவிட்டுப் போன சிநேகிதிக்காக ஒரு பெண் தினமும் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறாள், சிநேகிதி வரவில்லை, ஒருநாள் இவள் போகாமல் வீட்டிலேயே இருந்து தலைக்குக் குளிக்கிறாள், அத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. நாலு பேர் தடிப் புத்தகத்துக்குக் கை தூக்கினார்கள், கெசியா மட்டும் ஒல்லிப் புத்தகத்துக்கு. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தவை, அப்போது தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்குப் பரிசுக் கமிட்டிச் செயலாளர், மருந்துக்கடை ஆவுடையம்மாள், கையை எண்ண மட்டும் மாடிப்படியில் ஏறுவதும் பிள்ளைகள் ஒத்துவரவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்குவதும்தான்.

இசக்கிராஜா முதல் ஞாயிறே கேட்டிருக்கிறான், அந்த ஒல்லிப் புத்தகத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று. அதற்குக் கெசியா சொன்ன பதில் மாடியைவிட்டு இறங்க மூன்று வருடம் ஆனது.

"ஒன் புத்தகத்துல போனவுக எல்லாரும் வரிசையா திரும்பி வாராவ. யாரு வீட்டுல அப்படி வந்துருக்காவ? இது ஒண்ணுதான் எங்கிட்ட பொய் சொல்லல."

கோடை போனது, பள்ளிக்கூடம் திறந்தது, கார் நெல் சாகுபடி முடிந்தது, தீர்ப்பு வரவில்லை. அடுத்த ஜூனில் யூனிஃபார்முக்கு அளவெடுக்கும்போது அற்புதம்தான் முதலில் கண்டுபிடித்தாள். இசக்கிராஜாவின் தோள் போன வருட அளவிலேயே இருந்தது, ரபியத்தின் கை அப்படியே, முகுந்தனின் இடுப்பு நூல் பிசகவில்லை. தன் மகளைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பார்த்தாள், பக்கத்தில் ஜெமிமாவையும் நிற்கவைத்தாள், ஜெமிமா ஒரு விரற்கடை உயர்ந்திருந்தாள். அற்புதம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆவுடையம்மாளின் மருந்துக்கடைக்கு நடந்தாள், இரண்டு பேரும் கல்லாவுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள், தீர்ப்பு ஆகாமல் இதுகள் வளராது போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஹெட்மாஸ்டர் யோசித்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது என்று பதினோராம் வகுப்பிலேயே முதல் பெஞ்சை அவர்களுக்கு ஒதுக்கினார், அவர்களும் அதே பாடத்தை மறுபடி கேட்டார்கள். நகமும் முடியும் மட்டும் வளர்ந்தன, அதற்கும் வயதுக்கும் சம்பந்தம் இல்லை என்று கம்பவுண்டர் விளக்கம் சொன்னார், சலூன்காரரும் அதை ஆமோதித்தார். சர்ச்சில் போதகர் ஞாயிறு ஜெபத்தில் ஐவரையும் பெயர் சொல்லாமல் நினைத்துக்கொண்டார், இசக்கியம்மனுக்கு ஒரு பொங்கல் வைக்கப்பட்டது, ரபியத்தின் வாப்பா தர்காவில் சர்க்கரை ஓதிக் கொடுத்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் பரிசை ரத்து செய்தால் சரியாகிவிடுமே என்றார்கள், சைக்கிளுக்குப் பிறகு அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவிடுவதில்லை, பிள்ளைகள் யோசிக்கிறார்கள், யோசிக்கட்டும் என்று சொல்லிவிட்டோம். வாயால் அப்படிச் சொல்லிவிட்டு மனசுக்குள் எல்லோரும் கெசியாவைத் திட்டிக்கொண்டுதான் இருந்தோம், ஏனென்றால் ஆவுடையம்மாள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நாலு பிள்ளைகள் ஒன்றாகவும் ஒருத்தி தனியாகவும் படியிறங்குவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால் ஒவ்வொரு வீடாக அற்புதத்தின் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது, அதனால் வேறு எதைப் பற்றியாவது பேசினார்கள். இசக்கிராஜாவின் அம்மா ஒரு தூக்குவாளி நிறைய உளுந்தங்களி கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் அண்ணன் மகனுக்கு மீசை அரும்பிவிட்டதென்றும் அது எவ்வளவு லட்சணமாக இருக்கிறதென்றும் ஒரு மணி நேரம் சொன்னாள், சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கலங்கிவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டு தூக்குவாளியை மறந்துவிட்டுப் போனாள். உமையாளின் அப்பா தபால் கொடுக்க வந்தவர்போல வந்து, தபால் ஒன்றும் இல்லாமல், வாசல் வேப்பமரம் போன வருடத்தைவிட நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கெசியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், களியைச் சாப்பிடுவாள், வருகிறவர்கள் போனதும் ஜெமிமாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுவாள். ஜெமிமா அவள் முதுகைத் தடவிக்கொடுப்பாளே தவிர, என்ன புத்தகம், ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள், வழக்கத்தை அந்த வீட்டில் வைத்துக் காப்பாற்றியது அவள்தான்.

பொய்யாக ஒரு கையைத் தூக்கியிருந்தால் முடிந்திருக்கும். தூக்கினால் ஜெமிமாவோடு சேர்ந்து வளரலாம், தூக்காவிட்டால் அவள் தன்னை விட்டுவிட்டு வளர்ந்துபோவாள் என்று கெசியாவுக்கு நன்றாகவே தெரியும், தினமும் காலையில் கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் தலைவாரும்போது அது தெரிந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து மாடியில் உட்கார்ந்தால், அந்த ஒல்லிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்துவிடும், கை மடியைவிட்டு எழும்பாது. இப்படி ஒரு பிடிவாதம் எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாருக்கும் இருந்ததில்லை, இப்போது சொன்னால் என்ன, எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டாவது வருடத்தில் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் ஜெமிமாவைக் கெசியாவின் அக்கா என்று நினைத்துக்கொண்டார், அன்றைக்குக் கெசியா சாப்பிடவில்லை. அந்த வருடம் முடியும்போது யாருமே அவர்களை இரட்டை என்று சொல்லவில்லை. ஜெமிமா சேலை கட்டிக்கொண்டு பள்ளி விடைபெறும் விழாவுக்குப் போனாள், கெசியா பின் குத்திவிட்டாள், குத்தும்போது இவளுடைய தலை அவளுடைய தோளுக்குத்தான் வந்தது. இனிமேல் பேசவிட்டுப் பார்க்கத் தேவையில்லாமல் அற்புதத்துக்கு மகள்களை அடையாளம் தெரிந்தது, அதற்காக அவள் சந்தோஷப்படவில்லை.

மற்ற நாலு பேருக்கும் இதே கதைதான் வேறு வேறு வீட்டில் நடந்தது. கூடப் படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனார்கள், கல்லூரிக்குப் போனார்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள், முதல் பெஞ்சில் இவர்கள் மட்டும் இருந்தார்கள். ரபியத்தின் தோழிக்குக் கல்யாணம் ஆயிற்று, பந்தியில் ரபியத்தைச் சின்னப்பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். அவள் அந்த வாரமே ஒல்லிப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தாள், ஞாயிற்றுக்கிழமை கெசியாவோடு சேர்ந்து கை தூக்கினாள். பிறகு முகுந்தன் வந்தான், பிறகு உமையாள். இசக்கிராஜா மட்டும் தன் படகுப் பையனைவிட்டு அசையவில்லை, அவனுடைய கூட்டாளி சுடலை, ஒரே சைக்கிளில் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்த சுடலை, பட்டாளத்தில் சேர்ந்து சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிப் போகும்வரை. இசக்கிராஜா அதற்குப் பிறகு ஒரு மாதம் தெற்கே ரயில்வே கேட் பக்கம் போய் நின்றுவிட்டு வந்ததை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவன் கையும் ஒல்லிப் புத்தகத்துக்கு எழும்பியது.

ஆவுடையம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். நாலு கை தூக்கியாயிற்று, ஐந்தாவது கைக்குத்தான் கேள்வியே தேவையில்லை. ஐந்தாவது கை மடியிலேயே இருந்தது.

"எனக்கு இப்பம் மத்தப் புத்தகம்தான் வேணும்" என்றாள் கெசியா.

பள்ளி முடித்து ஒரு வருடமாக அம்மாவோடு தைத்துக்கொண்டிருந்த ஜெமிமாவுக்கு முந்தின நாள்தான் பெங்களூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்ததாகத் தகவல் வந்திருந்தது. அப்பா வராதபோது வராததை வராதது என்று சொன்ன புத்தகம் அவளுக்குப் போதுமாக இருந்தது. ஜெமிமா போகப்போகிறாள் என்றதும் அது போதவில்லை, போன நாய்கூடத் திரும்பி வருகிற புத்தகம் வேண்டியிருந்தது, அது பொய் என்று அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் வேண்டியிருந்தது. இசக்கிராஜாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவன் தன் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டி, அப்பா திரும்பி வருகிற இடத்தை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தான், படித்துக்கொள் என்று. மூன்று வருடம் எதிரெதிரே உட்கார்ந்த பிள்ளைகள் அல்லவா.

ஆவுடையம்மாள் படியிறங்கி வந்த முகத்தைப் பார்த்து ஊர் மறுபடியும் பெருமூச்சு விட்டது. களியும் அல்வாவும் மறுபடி அற்புதத்தின் வீட்டுக்குப் போயின, ஆனால் இந்தத் தடவை யாரும் மீசையைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ பேசவில்லை, ஜெமிமாவுக்குப் பெங்களூர்க் குளிர் தாங்குமா என்று மட்டும் கேட்டார்கள். எங்களுக்கு எப்படியோ புரிந்திருந்தது.

ஜெமிமா புறப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், உச்சிவெயில் ஏறுவதற்கு முந்தி திருநெல்வேலிக்குப் போகும் பஸ். அற்புதத்துக்கு ஸ்கூல் திறக்கிற நேரத்துத் தையல் தலைக்குமேல் கிடந்தது, அதைச் சாக்காக வைத்து வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள், மகளைப் பஸ் ஏற்றிவிடும் தைரியம் அவளுக்கு இல்லை. கெசியாதான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள், அக்காளை வழியனுப்ப வந்த தங்கச்சி மாதிரியே இருந்தது என்று. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரம் இருந்தது, இரண்டு பேரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"திரும்பி வருவியாட்டி?" என்று கேட்டாள் கெசியா.

லீவு விட்டதும் வந்துவிடுவேன் என்றாள் ஜெமிமா. நான் அதைக் கேட்கவில்லை என்றாள் கெசியா. ஜெமிமா யோசித்துத்தான் பேசுவாள், அன்றைக்கும் யோசித்தாள், டிரைவர் டீ குடித்து முடித்துக் கிளாசை வைக்கும்வரை யோசித்தாள்.

"நீ அதக் கேட்டா, வரமாட்டேன் கெசி. இப்பம் ஒம்பக்கத்துல உக்காந்திருக்கவ வரமாட்டா. வேற ஒருத்தி வருவா, அவளுக்கும் நீன்னா உயிருதான்." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருக்கு. எனக்கு எம்பது வயசாகி, நான் கம்பு ஊனிக்கிட்டு இந்த பஸ்ஸுல வந்து எறங்கும்போதும், நீ பதினஞ்சு வயசுல இதே பெஞ்சுல உக்காந்திருப்பியோன்னு. அப்படி ஒன்னப் பாத்தா நான் செத்துருவேன்."

கண்டக்டர் விசிலடித்தார், ஜெமிமா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உச்சந்தலையில் முத்தம் கொடுத்துவிட்டு ஏறிப்போனாள். உச்சந்தலை எட்டுகிற உயரம் அவளுக்கு வந்திருந்தது. பஸ் பேரிக் குளக்கரை வளைவில் திரும்பும்வரை கெசியா கையாட்டினாள், பிறகு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், பூக்காரி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே நூலகத்துக்கு வந்தாள், முகம் வீங்கியிருந்தது. நாலு பேரும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையம்மாள் வழக்கம்போல், பிள்ளைகளா, ஒத்துவந்தாச்சா என்று கேட்டாள், கேட்டுப் பழகிப்போன குரலில்தான் கேட்டாள். நாலு கைகள் ஒல்லிப் புத்தகத்துக்கு எழும்பின. கெசியா இரண்டு புத்தகங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள், தடிப் புத்தகத்தை மூடி இசக்கிராஜாவின் பக்கம் தள்ளி வைத்தாள், கையைத் தூக்கினாள்.

அடுத்த வாரம் விழா நடந்தது. மூணேகால் பஸ் எழுதியவர் ஆலங்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, மூன்று வருடம் காத்திருந்ததற்கு ஒரு குறைகூடச் சொல்லாமல் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார், இசக்கிராஜாவின் அம்மா அந்த நாலு வார்த்தைக்கும் சேர்த்து அழுதாள். அதெல்லாம் பெரிய கதை, அதை விடுங்கள். தவறிப்போன மூன்று வருடங்கள் அந்த ஐந்து பேருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை, விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள், இன்றைக்கும் அவர்கள் கூடப் படித்தவர்களைவிட மூன்று வயது இளையவர்கள். அதுபற்றி ஊரில் யாருக்கும் வருத்தம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருவோம். கையை இறக்கிவிட்டுக் கெசியா மாடிப்படி இறங்கினாள், இறங்கும்போதே செருப்பு கடித்தது. நூலகத்து வாசலில் கடித்தது, மருந்துக்கடை தாண்டியதும் இன்னும் கடித்தது, மூன்று வருடம் ஒரு நாளும் கடிக்காத செருப்பு. குதிகாலில் தோல் உரியத் தொடங்கவும் இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தார் ரோட்டுச் சூட்டில் தத்தித் தத்தி வீட்டுக்கு நடந்தாள். வழியில் அவளைப் பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள், வாயைத் திறக்கலாமா கூடாதா என்று யாருக்கும் இன்னும் தெரியாது.

அற்புதம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தாள், கையில் தொங்கிய செருப்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். மெஷின் நின்றது. அவள் எழுந்து வந்து மகளின் பாதத்தைக் கையில் எடுத்துக் குதிகாலில் கசிந்த ரத்தத்தைத் துடைத்தாள், துடைக்கும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உள்ளே போய், ஜெமிமா பெங்களூருக்குப் புதுச்செருப்பு போட்டுக்கொண்டு போனதில் விட்டுப்போன பழைய செருப்பை எடுத்துவந்து வாசலில் போட்டாள்.

கெசியா கால் நுழைத்துப் பார்த்தாள்.

"பெருசா இருக்கும்மா."

"இருக்கட்டும்" என்றாள் அற்புதம்.